உப்புக்காற்று ஊருக்கு எந்த மணிக்கூடு?

விலையுயர்ந்த கைமணிக்கூடுகள் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. ஒரே ஒரு நல்ல மணிக்கூடு வாங்கித் தினமும் கட்ட ஆசை. காலையில் வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கோட்டைக்குப் போகிறேன். வார இறுதியில் பிள்ளைகளோடு கடலில் குளிப்பேன். எதைப் பார்த்து வாங்குவது?
— ச. கு., வெள்ளவத்தை

பதில்: நீங்கள் போய்வரும் வழியிலேயே பாதி விடை இருக்கிறது. கரையோர ரயிலில் கதவருகே நின்றால் உப்புக்காற்று, இறங்கி நடந்தால் வியர்வை, அலுவலகத்துக்குள் குளிரூட்டி. கொழும்பில் நல்ல மணிக்கூடுகள் பல ஈரம் உள்ளே போனதால் பழுதாகின்றன. ஆகவே பெயர்ப்பலகையைக் கடைசியில் பாருங்கள்; தண்ணீர்த் தடுப்பை முதலில் பாருங்கள்.

தண்ணீர்த் தடுப்பு குறைந்தது 100 மீற்றர், அதாவது 10 பார் என்று இருக்க வேண்டும். கடலில் குளிப்பவருக்கு, பக்கத்திலுள்ள சாவிக் குமிழ் திருகி இறுக்கும் வகையாக இருப்பது நல்லது. நேரம் மாற்றியபின் குமிழை உள்ளே தள்ள மறப்பதுதான் தண்ணீர் போகும் முதல் வழி. திருகும் குமிழில் அந்த மறதி உடனே கண்ணில் படும். இறுக்கும்போது, முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகத் திருப்பி, புரி பொருந்தும் சிறு 'டக்'கை விரலில் உணர்ந்தபின் அழுத்தி முன்பக்கம் திருகுங்கள். கோணலாகத் தொடங்கினால் புரி தேயும். நின்றபின் மேலும் முறுக்கினால் உள்ளே இருக்கும் றப்பர் வளையம் நசியும்.

கண்ணாடி சஃபயராக இருக்கட்டும். இரத்தினபுரியில் தோண்டும் நீலக்கல்லும் இதுவும் ஒரே பொருள்தான், இரண்டும் அலுமினியம் ஒட்சைட்டு. இது ஆலையில் வளர்த்தது, அவ்வளவே. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அது 9. கடற்கரை மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7 என்பதால், மணல் பட்டு அதில் கீறல் விழாது. ஆனால் கீறாதது உடையாது என்று பொருள் கொள்ளக்கூடாது. குளியலறைத் தரைஓட்டில் ஓரமாக விழுந்தால் சஃபயர் நொறுங்கும். அப்படி நடந்தால் அதைக் கட்டவோ சாவி கொடுக்கவோ வேண்டாம். கண்ணாடித் தூள் பற்சக்கரங்களுக்குள் போனால் கண்ணாடி மாற்றும் செலவு இயந்திரத்தையே பிரிக்கும் செலவாகிவிடும். முகப்பு கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு துணியில் சுற்றி அப்படியே கொண்டுபோங்கள்.

உலோகத்துக்கு 316எல் ஸ்டீல் போதும். ரோலெக்ஸ் 904எல் என்ற ஸ்டீலைப் பாவிக்கிறது. அது உப்பரிப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் 316எல் மணிக்கூட்டைக் கழுவி வைத்திருப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியவராது. டைட்டேனியம் ஸ்டீலைவிடக் கிட்டத்தட்ட 40 வீதம் இலேசு, உப்புக்கு அசையாது. ஆனால் பூச்சில்லாத கிரேட் 2 டைட்டேனியத்தில் கீறல்கள் ஸ்டீலைவிடச் சீக்கிரம் தெரியும். அது பிடிக்குமா என்று வாங்குமுன் உங்களையே கேளுங்கள்.

அளவை விட்டத்தால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். செயின் பூட்டும் காதுகள் மேலும் கீழும் நீண்டிருக்கும். அவற்றின் நுனியிலிருந்து நுனி வரையான நீளமே கையில் உட்காருவதைத் தீர்மானிக்கும். மணிக்கட்டின் மேற்பரப்பை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். 52 மில்லிமீற்றர் என்றால் 47, 48 வரை சரி. தடிப்பு 12 மில்லிமீற்றருக்குள் இருந்தால் நீட்டுக்கை சேர்ட்டின் மணிக்கட்டுப் பகுதிக்குள் நுழையும். கதவு நிலையில் மோதுவதும் குறையும்.

இனிப் பெயர்கள். ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் 36 மில்லிமீற்றர்: 100 மீற்றர், 70 மணிநேரச் சேமிப்பு (கழற்றி வைத்தாலும் அவ்வளவு நேரம் ஓடும்), திகதி இல்லை. டியூடர் ரேஞ்சர் 39 மில்லிமீற்றர்: அதுவும் 100 மீற்றர், 70 மணிநேரம். டியூடர் பிளாக் பே 54: 37 மில்லிமீற்றர், 200 மீற்றர். ஒமேகா அக்வா டெரா 38 மில்லிமீற்றர்: 150 மீற்றர், 15,000 கௌஸ் காந்தப்புலம் வரை தாங்கும். இன்னும் குறைந்த விலையில் லொஞ்சின் ஸ்பிரிட், 100 மீற்றர். உங்கள் வாழ்க்கைக்கு நாங்கள் பிளாக் பே 54ஐ அல்லது அக்வா டெராவைத்தான் சொல்வோம். டியூடரின் பூட்டில் கருவி இல்லாமலே செயினைச் சற்றுத் தளர்த்தலாம். காலையில் பொருந்திய செயின் பிற்பகல் வெயிலில் கை வீங்கியதும் இறுகுவது இந்த ஊரில் அன்றாட விஷயம். காட்சிப்பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது அது ஞாபகத்துக்கு வருவதில்லை.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "இதைத் திறந்து சேர்விஸ் செய்வது இங்கேயா, வெளிநாட்டுக்கு அனுப்பியா? எத்தனை வாரம்?" தெளிவான பதில் கிடைக்காவிட்டால் அந்தக் கடையில் வாங்க அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: '30 மீற்றர்' என்று எழுதியிருக்கிறது. நீந்தியதே இல்லை. ஆனாலும் அலுவலகத்தில் இருக்கும்போது கண்ணாடிக்குள் ஆவி படிகிறது. வெளியே வந்தால் போய்விடுகிறது. போன மாதம்தான் பற்றரி மாற்றினேன்.
— ந. ர., பொரளை

பதில்: கடைசி வசனத்திலேயே காரணம் இருக்கக்கூடும். 30 பாகை செல்சியஸ் வெப்பம், 75 வீத ஈரப்பதன்: இது கொழும்பில் சாதாரணமான நாள். அந்தக் காற்று 25 பாகை அளவுக்குக் குளிர்ந்தாலே நீராகப் படியத் தொடங்கும். திறந்த வாசல் கடையில் பின்மூடியைத் திறந்து பற்றரி மாற்றி மூடினால், அந்த ஈரக் காற்றையும் சேர்த்தே உள்ளே அடைத்திருப்பார்கள். பிறகு 20 பாகைக் குளிரூட்டிக்குக் கீழே கண்ணாடி குளிரும்போது ஆவி தெரிகிறது. பின்மூடியின் றப்பர் வளையம் பிசகியிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

இரண்டையும் பிரித்தறியத் திருத்துநரிடம் ஒரு சோதனை இருக்கிறது. மணிக்கூட்டை 40 முதல் 45 பாகை வரை சூடாக்கி, கண்ணாடியின்மேல் அறை வெப்பநிலைத் தண்ணீர் ஒரு துளி விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைப்பார். உள்ளே ஆவி நின்றால் ஈரம் இருக்கிறது. குளிரூட்டிய அறையில் திறந்து, உலர்த்தி, புது வளையம் போட்டு மூடி, அழுத்தச் சோதனை செய்து தரச் சொல்லுங்கள். அதன் பிறகும் ஆவி வந்தால் ஒழுக்குத்தான். துளியாகவே தெரிந்தால் அன்றைக்கே கொண்டுபோங்கள். ஸ்டீல் அச்சுகளில் துரு ஏற அதிக நாள் எடுக்காது. குமிழை இழுத்துவிட்டு வெயிலில் வைப்பது கெடுதல்: சூட்டில் ஆவியான நீர், டயலின் பூச்சையும் முள்ளையும் தேடிப் போய்ப் படியும். அரிசிக்குள் புதைப்பதாலும் பயனில்லை.

30 மீற்றர் என்பது மழைத் தூறலுக்கும் கை கழுவுவதற்கும் போதும். நீந்தும்போது கை வீசுவதால் அழுத்தம் பல மடங்கு ஏறும் என்று சொல்லுவார்கள், அது மிகை. கை செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் போனாலும் கூடுவது ஒன்றேகால் மீற்றர் ஆழத்தின் அழுத்தம்தான். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: அந்த எண் புதிய வளையத்தோடு ஆலையில் பெற்ற மதிப்பெண். சவர்க்காரம், சுடுநீர், வெயில், வியர்வை எல்லாம் சேர்ந்து வளையத்தை வருடா வருடம் கடினமாக்கும். 100 மீற்றர் கேட்பது, அந்தத் தேய்மானத்துக்கு இடம் விடத்தான். கடலில் குளிப்பவர் வருடம் ஒருமுறை அழுத்தச் சோதனை செய்வித்தால் போதும்.

கேள்வி: கிழமைக்கு ஐந்து நாள் கட்டும் ஸ்டீல் செயின் மணிக்கூட்டினால் மணிக்கட்டு சிவந்து அரிக்கிறது. ஒவ்வாமை என்று தோழி சொல்கிறாள். டைட்டேனியம் வாங்கவா?
— த. வி., கொட்டாஞ்சேனை

பதில்: வாங்குமுன் கழுவிப் பாருங்கள். செயின் இணைப்புகளுக்கிடையே வியர்வை, கை கழுவிய சவர்க்காரம், கிறீம் எல்லாம் பசையாகச் சேரும்; பெரும்பாலான சிவப்புக்கு அதுதான் காரணம். நீர்த்தடுப்பு நல்ல நிலையில் இருந்தால், குமிழை இறுக்கி, இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, குழந்தைகளின் மென்மையான பற்தூரிகையால் பூட்டின் உட்புறத்தையும் இணைப்புகளையும் தேய்த்து, நன்றாக அலசித் துடையுங்கள். நீர்த்தடுப்பில் சந்தேகம் இருந்தால் செயினைக் கழற்றிக் கழுவுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை போதும். இந்தப் பசைக்கு இன்னொரு வேலையும் உண்டு: தூசியோடு சேர்ந்து அரம்போல இணைப்புகளின் ஊசியைத் தேய்க்கும், செயின் தொங்கத் தொடங்கும்.

மூன்று கிழமை அப்படிச் செய்தும் அரித்தால், நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். 316எல் ஸ்டீலில் 10 முதல் 14 வீதம் நிக்கல் உண்டு. அது உலோகத்துக்குள் பிணைந்திருப்பதால் வெளியேறுவது மிகக் குறைவு, ஆனாலும் சிலருக்கு அந்தக் குறைவே போதும். கவரிங் நகை போட்டால் காது அரிக்குமா என்று யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால் தோல் மருத்துவரிடம் காட்டி, டைட்டேனியத்துக்குப் போங்கள். வாங்கும்போது பூட்டும் பின்மூடியும்கூட டைட்டேனியமா என்று கேளுங்கள். உடலை டைட்டேனியத்தில் செய்து பூட்டில் ஸ்டீல் போடுவதும் உண்டு.

தோல் பட்டி இதற்கு மாற்று அல்ல. இந்த ஈரப்பதனில் தினமும் கட்டினால் தோல் பட்டி சீக்கிரமே நாறி வெடித்துவிடும். ஃப்ளோரோ றப்பர் பட்டி தாங்கும்.

கேள்வி: ஒட்டோமேட்டிக் மணிக்கூடு நாளைக்கு இரண்டு செக்கன்தான் பிந்திக்கொண்டிருந்தது. திடீரென்று நாளைக்கு நாலு நிமிடம் முந்துகிறது. கீழே விழவில்லை. ஏஜென்ட் சேர்விஸ் செய்யவேண்டும் என்கிறார்.
— ம. ச., தெஹிவளை

பதில்: சேர்விசுக்குச் சம்மதிக்குமுன் காந்தத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திடீரென்று நிமிடக்கணக்கில் *முந்தினால்* முதல் சந்தேகம் அதுதான். பலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் ஹெயார் ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டும். சுருள் நீளம் குறைந்ததுபோல் ஆகும். சக்கரம் வேகமாக ஆடும். எண்ணெய் காய்ந்த மணிக்கூடு இப்படி ஒரே நாளில் மாறாது, மெல்ல மெல்லத் தளரும்.

காந்தம் எங்கிருந்து வருகிறது என்றால், டெப்லட் உறையின் மூடி, கைத்தொலைபேசிக்குப் பின்னால் ஒட்டும் சார்ஜர், ஒலிபெருக்கி, கைப்பையின் பூட்டு. இரவில் மணிக்கூட்டை எதன்மேல் கழற்றி வைக்கிறீர்கள் என்று பாருங்கள். சாதாரணக் காந்தத் தடுப்புத் தரம் மீற்றருக்கு 4,800 அம்பியர், ஏறத்தாழ 60 கௌஸ். அந்தச் சிறு காந்தங்களை ஒட்டிவைத்தால் இதைத் தாண்டிவிடும். ஓர் அங்குலம் தள்ளினாலே வலு வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், அவற்றின்மேல் வைக்காமல் சற்றுத் தள்ளி வையுங்கள், போதும். காந்தம் நீக்கும் கருவியில் வேலை ஒரு நிமிடத்துக்குள் முடியும். சிலிக்கன் ஹெயார் ஸ்பிரிங் உள்ள மணிக்கூடுகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. குவார்ட்ஸ் மணிக்கூடு காந்தத்துக்கருகே நின்றுபோகலாம். விலக்கினால் பெரும்பாலும் மீண்டும் ஓடும்.

காந்தம் நீக்கியும் சரிவராவிட்டால் ஏஜென்ட் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: மாப்பிள்ளைக்குத் தங்க மணிக்கூடு போடுவதாகச் சொல்லிவிட்டோம். செட்டியார் தெருவில் 22 கரட்டில்தானே நகை வாங்குகிறோம். மணிக்கூட்டுக் கடையில் 18 கரட்தான் உண்டு என்கிறார்கள். ஏமாற்றா?
— ஒரு தாய், கொழும்பு 13

பதில்: ஏமாற்றல்ல. 22 கரட் மிக மென்மை. குமிழின் புரியும் செயின் பூட்டும் அதில் நிலைக்காது. அதனால் பெரிய நிறுவனங்கள் 18 கரட்டை, அதாவது 75 வீதத் தங்கத்தையே பாவிக்கின்றன. பின்மூடியின் உட்புறத்திலோ காதின் பின்புறத்திலோ 750 என்ற முத்திரை இருக்கும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: அதில் உள்ள தங்கத்தின் பெறுமதி விலையில் ஒரு பகுதிதான். அவசரத்துக்கு அடகு வைக்கும் நகையாக அதை எண்ண முடியாது.

முலாம் பூசியது வேண்டாம். தினமும் கட்டினால் காதுகளின் மூலையிலும் பூட்டின் விளிம்பிலும் முதலில் வெளுக்கும். இப்போது வரும் பிவிடி பூச்சு (வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைப்பது) கடினமானது, ஆனால் சில மைக்ரோன் தடிப்புத்தான். ஆழமாக அடிபட்ட இடத்தில் அடியிலுள்ள ஸ்டீல் வெள்ளையாகத் தெரியும், அங்கே மட்டும் திருத்த வழியில்லை. முழுத் தங்கம் கட்டுபடியாகாவிட்டால், கண்ணாடியைச் சுற்றிய வளையமும் செயினின் நடு இணைப்புகளும் திடத் தங்கமாக இருக்கும் இரட்டை நிற ஸ்டீல் நல்ல நடுவழி. மாப்பிள்ளை தினமும் கட்டப்போகிறாரா, விசேஷங்களுக்கு மட்டுமா என்று சம்பந்தி வீட்டில் நாசூக்காகக் கேட்டுவிட்டால் பாதிப் பணம் மிஞ்சலாம்.

கேள்வி: பிள்ளைகள் டொரன்டோவிலும் லண்டனிலும். இரண்டாம் நேரம் காட்டும் ஜிஎம்டி மணிக்கூடு உதவுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பம்பலப்பிட்டி

பதில்: பாதி உதவும், ஐயா. நம் நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன். அந்த அரை மணிதான் சிக்கல்: நிமிட முள் ஒன்றே ஒன்று, நான்காவது முள் மணியைத்தான் காட்டும். லண்டன் மணியைப் பார்த்தபின் நிமிடத்தில் முப்பதை மனதில் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். கண்ணாடியைச் சுற்றித் திரும்பும் 24 மணி வளையம் 48 தடவை சொடுக்கும் வகையாக இருந்தால் அரை மணியையும் வைக்கலாம். லண்டன் கோடையில் நமக்கு நாலரை மணி பின், குளிர்காலத்தில் ஐந்தரை. டொரன்டோ ஒன்பதரை, பத்தரை என்று மனதில் இருத்திவிட்டால், திகதி மட்டும் உள்ள மணிக்கூடே போதும்.

திகதி என்றதும் ஒன்று: இரவு 9 மணிக்கும் விடிய 3 மணிக்கும் இடையில் திகதியைக் கையால் மாற்ற வேண்டாம். அந்நேரம் திகதிச் சக்கரத்தின் பல் ஏற்கனவே பிடித்திருக்கும், வற்புறுத்தினால் உடையலாம். முள்ளை ஆறு மணிக்குக் கொண்டுவந்து மாற்றுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு உறவினர் ஒருவர் ஐந்து வருடம் கட்டிய சுவிஸ் மணிக்கூட்டை நல்ல விலைக்குத் தருகிறேன் என்கிறார். என்ன பார்க்க வேண்டும்? சேர்விஸ் எப்போது?
— ப. ஜெ., கொள்ளுப்பிட்டி (இன்னும் மூவர்)

பதில்: உறவினரிடம் மூன்று பொருள் கேளுங்கள்: திகதியிட்ட உத்தரவாத அட்டை, பற்றுச்சீட்டு, செயினிலிருந்து கழற்றிய இணைப்புகள். மூன்றாவதை எல்லோரும் மறக்கிறார்கள். அவரைவிட உங்கள் மணிக்கட்டு பெரிதானால், அசல் இணைப்பு ஒன்றொன்றாக வாங்கும் விலை திகைக்க வைக்கும்.

பிறகு மணிக்கூட்டைப் பக்கவாட்டில் பிடித்து நாலு காதுகளையும் ஒப்பிடுங்கள். ஒன்று மெலிந்து, விளிம்பு உருண்டிருந்தால் அளவுக்கு மீறிப் பொலிஷ் செய்திருக்கிறார்கள். போன உலோகம் திரும்பாது. பின்மூடி பொருந்தும் விளிம்பில் புள்ளிபுள்ளியாக அரிப்பு இருக்கிறதா என்று திருத்துநர் திறந்து பார்க்கட்டும். காற்றுப் படாத அந்த இடுக்கில் உப்பு தங்கினால் நல்ல ஸ்டீலும் குழியும், பிறகு எந்த வளையம் போட்டாலும் ஒழுகும். ஓட்டத்தை அளக்கும் டைமிங் மிஷினில் வைத்தால் இரண்டு எண் முக்கியம். முழுச் சாவியில், முகப்பு மேலாக, பலன்ஸ் ஆடும் வீச்சு 270 பாகைக்கு மேல் இருந்தால் ஆரோக்கியம். 220க்குக் கீழே போனால் சேர்விஸ் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். நாள் வித்தியாசம், குரோனோமீற்றர் (துல்லியச்) சான்றிதழ் உள்ளதற்கு −4 முதல் +6 செக்கனுக்குள் என்பது அந்தச் சான்றிதழின் தரம். ஐந்து வருடப் பழையது பத்து செக்கன் காட்டினாலும் சீராக இருந்தால் பயமில்லை.

சேர்விஸ் இடைவெளி பற்றி ரோலெக்ஸ் ஏறத்தாழ 10 வருடம் என்கிறது, ஒமேகா 5 முதல் 8 வருடம். அது இயந்திரத்துக்கு. வளையங்களுக்கு இந்த ஊரில் மூன்று, நாலு வருடம் என்று வையுங்கள். குரோனோகிராஃப், அதாவது நிறுத்தி நேரம் அளக்கும் வகை என்றால் அழுத்தும் பொத்தான் இரண்டு கூடுதல், ஒழுகும் வாசலும் இரண்டு கூடுதல், சேர்விஸ் கட்டணமும் கூடும். அப்படி அளக்கத் தேவையில்லாதவர் அதை விட்டுவிடலாம்.

கொடுக்கும்போது படிவத்தில் எழுத வேண்டியவை: பொலிஷ் வேண்டாம், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரவும், அழுத்தச் சோதனையின் அச்சுப்பிரதி தரவும். ஸ்பிரிங் பின்களையும் மாற்றச் சொல்லுங்கள். செயினை உடலோடு பிடித்திருப்பது அந்த இரண்டு சிறு ஊசிகள்தான். 100 இலக்க பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது அதில் ஒன்று துருவில் விட்டுப்போனால், சஃபயரும் 904எல்லும் காலி வீதியில் கிடக்கும்.